ஹாப்லைட் படையில் என்ன பழுது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

28 மி.மீ. அளவுப் பொம்மைகளாகப் பத்து ஹாப்லைட்டுகளை (வட்டக் கேடயமும் ஈட்டியும் ஏந்திய பண்டைக் கிரேக்கக் காலாட்படை வீரர்கள்) கட்டிப் பெயிண்ட் அடிப்பதும் இருநூற்றைம்பது பேரைச் செய்வதும் ஒரே வேலை அல்ல. பத்தில் ஒன்று கோணலானால் அதைத் தனியே எடுத்துத் திருத்திவிடலாம். பெரிய படையில் பிழை கண்ணில் படுவதற்குள் அது நூறு முறை நடந்து முடிந்திருக்கும். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் கையை நிறுத்துங்கள். நான்கு வீரர்களை மட்டும் எடுத்துத் திருத்தி, நன்றாகக் காயவிட்டு, மேசையில் வைத்துக் கை நீட்டும் தூரத்திலிருந்து பாருங்கள். சரியாக வந்தால்தான் மற்றவர்கள் மேல் கை வைக்க வேண்டும்.

எதைத் திருத்துவது என்பதிலும் கறாராக இருங்கள். ஃபாலங்ஸ் (தோளோடு தோள் நெருங்கி நிற்கும் அடர்ந்த வரிசைகள்) அணியாக நிறுத்தியபின் கண்ணில் படுவது நான்குதான்: முன்வரிசைக் கேடயங்கள், ஈட்டிகள், தலைக்கவசக் குஞ்சங்கள், பேஸ் (வீரர்களை ஒட்டி நிறுத்தும் அடிப்பலகை). மூன்றாம் வரிசைக்காரனின் இடுப்புப் பட்டையை யாரும் பார்க்கப்போவதில்லை. அதைத் திருத்தப் போகும் நேரம் படையை முடிக்கும் நேரத்திலிருந்துதான் கழிகிறது.

ஈட்டி வளைந்து நிற்கிறது, அல்லது ஒடிந்தேவிட்டது

என்ன பொருள் என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் (பாலிஸ்டைரீன்) ஈட்டி பெரும்பாலும் ஒடியாது, வளையும். கொதிக்கவைத்து இறக்கிய நீரில் சில நொடி முக்கி, நேராகப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் நிமிர்ந்துவிடும். பெயிண்ட் அடித்தபின் இதைச் செய்தால் பூச்சு விரிசல் விடும். எனவே ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டியதுமே கவனியுங்கள். வளைவு பல சமயம் வெட்டும்போதே வருகிறது. கட்டரைத் தண்டோடு ஒட்டிவைத்து நறுக்கினால் அழுத்தம் முழுதும் தண்டின் மேல் ஏறும். சட்டத்தின் பக்கமாக வெட்டி விடுவித்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் காம்பைப் பிறகு கத்தியால் சீவுங்கள்.

வெள்ளை உலோக ஈட்டியை ஓரிரு முறை நிமிர்த்தலாம். ஒவ்வொரு முறையும் அது பலவீனமாகிக் கடைசியில் கையோடு வரும். ரெசினில் அச்சிட்ட ஈட்டிக்கு அந்த அவகாசமும் கிடையாது. இரண்டுக்கும் தீர்வு கம்பி. 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி வாங்குங்கள். எஃகு இன்னும் விறைப்பாக நிற்கும், ஆனால் கடலோர ஊர்களில் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) விட்டுப்போன இடத்தில் துரு ஏறும். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஹாப்லைட்டின் டோரி ஈட்டி 2 முதல் 2.5 மீட்டர். 28 மி.மீ. உருவங்களுக்குரிய 1:56 கணக்கில் 36 முதல் 45 மி.மீ. வரும். நீளமாக இருந்தால்தான் அணிக்கு அழகு. 45 என்றே வெட்டலாம். மாசிடோனியப் படை என்றால் சரிஸ்ஸா என்ற மிக நீண்ட ஈட்டிக்கு 100 மி.மீ. அளவில் வெட்டுங்கள்.

பழைய தண்டை விரலின் இருபுறமும் வெட்டியெடுத்து, கை டிரில்லில் 0.9 மி.மீ. முனை போட்டு முஷ்டிக்குள் துளையிட வேண்டும். நேரே துளைத்தால் முனை வழுக்கி விரலைக் குதறும். ஊசியால் சிறு குழி குத்திக்கொண்டு தொடங்குங்கள். கம்பியின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அரத்தால் இலை வடிவத்துக்கு ராவினால் ஈட்டி முனை தயார். மறுமுனையில் கெட்டியான சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் வெண்கலப் பின்முள் ஆகிவிடும்.

படை முழுவதற்கும் மாற்றத் தேவையில்லை. அடி வாங்குவது முன் இரண்டு வரிசையும் பக்க ஓரங்களும்தான்.

வரிசையில் நிறுத்தினால் ஒருவரையொருவர் இடிக்கிறார்கள்

அஸ்பிஸ் என்ற வட்டக் கேடயத்தின் விட்டம் ஏறத்தாழ 90 செ.மீ. நம் அளவில் 16 மி.மீ. 60 மி.மீ. முகப்புள்ள பேஸில் நான்கு பேரை நிறுத்தினால் ஆளுக்கு 15 மி.மீ.தான் கிடைக்கும். ஆக இடிப்பது உங்கள் கைப்பிழை அல்ல, கணக்கே அப்படி. மூன்று பேராகக் குறைத்தால் இடிக்காது. ஆனால் கேடயங்களுக்கிடையே 4 மி.மீ. சந்து விழுந்து ஃபாலங்ஸ் என்ற தோற்றமே போய்விடும். நான்கு பேரையே நிறுத்துங்கள்.

வழி இது: எல்லோருடைய இடது தோளும் சற்று முன்னே வரும்படி ஒரே கோணத்தில் திருப்பி ஒட்டுங்கள். ஒவ்வொருவரையும் பக்கத்து ஆளைவிட ஒரு மி.மீ. பின்தள்ளி வைத்தால் கேடயங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். இதனால் அணி லேசாக வலப்பக்கம் இழுப்பது போலத் தெரிந்தால் கவலை வேண்டாம். தன் வலப்புறத்தான் கேடயத்தில் ஒண்டிக்கொள்ளப் பார்ப்பதால் எல்லாப் படைகளும் வலப்பக்கமாக நகரும் என்று கி.மு. 418 மாண்டினியாப் போரைச் சொல்லும்போது பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸே எழுதியிருக்கிறார்.

பின்வரிசை ஈட்டி முன்வரிசைக்காரன் முதுகில் குத்தினால், நீட்டிய கைகளை எல்லா வரிசைக்கும் ஒட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஈட்டி நீட்டிய கை முதல் வரிசைக்கும், தேவையானால் இரண்டாம் வரிசைக்கும் மட்டும். அதற்குப் பின்னால் எல்லாம் நிமிர்த்திய ஈட்டி. க்ளூ போடும் முன் ப்ளூ டாக்கில் (ஒட்டி எடுக்கக்கூடிய களி) நிறுத்தி ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு வீரனின் அடியிலும் வரிசை எண், இட எண் எழுதிவிடுங்கள். பெயிண்ட் அடித்தபின் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்பது நினைவில் இருக்காது.

பிரைமர் காய்ந்ததும் ரவை தூவியது போலச் சொரசொரப்பு

ஸ்பிரேயின் துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டன. கடும் வெயிலில் மொட்டை மாடியில் அடித்தால் இதுதான் நடக்கும். தூரம் அதிகமானாலும் நடக்கும். 20 முதல் 25 செ.மீ. தூரம் போதும். வெயில் காலத்தில் விடியற்காலையில் அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். உருவத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, உருவத்தைக் கடந்து வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும்.

மழைக்காலக் கோளாறு வேறு மாதிரி: பூச்சு வெளுத்து, மங்கி, சில இடத்தில் ஒட்டாமல் நிற்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ உட்கார்ந்து வறண்ட நாளுக்குக் காத்திருந்தால் இரண்டு மாதம் போய்விடும். பிரஷ்ஷில் பூசும் அக்ரிலிக் பிரைமரை வாங்கிக்கொள்ளுங்கள். 24 பேருக்கு ஒரு மாலை பிடிக்கும், ஆனால் ஏமாற்றாது.

சொரசொரப்பு லேசாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்தாலே பாதி போகும். கவசத்திலும் கேடயத்திலும் தடிப்பாக இருந்தால் கழற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக்குக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். பிளாஸ்டிக் கரைந்து கூழாகும். வெள்ளை உலோகம் அசிட்டோனைத் தாங்கும், ஆனால் சூப்பர் க்ளூ மூட்டுகள் எல்லாம் விட்டுவிடும். இரண்டையும் ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

விரல் பட்ட இடத்தில் பெயிண்ட் உரிகிறது

பிரைமருக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. அச்சிலிருந்து உருவம் கழன்று வரப் பூசும் எண்ணெய் ரெசினிலும் உலோகத்திலும் தங்கிவிடும். இளஞ்சூடான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுத் தேய்த்து, ஓரிரவு காயவிடுங்கள். வீட்டில் 3டி பிரிண்டரில் அச்சிட்ட ரெசின் என்றால் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், கையுறையோடு. பிசுபிசுத்தால் சரியாகக் கழுவவில்லை. ஆல்கஹாலில் இன்னொரு முறை அலசி, முழுதும் உலர்ந்தபின் புற ஊதா ஒளியில் வையுங்கள். ஈரத்தோடு ஒளியில் வைத்தால் வெள்ளைத் திட்டு வரும்.

குஞ்சத்தின் உச்சியிலும் ஈட்டி முனையிலும் மட்டும் உரிந்தால் அது எண்ணெய் அல்ல, நீங்கள் அங்கே பிடித்துத் தூக்குகிறீர்கள். தொட்டுச் சரிசெய்து, அந்த இடங்களில் க்ளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள்.

கேடயம் கழன்று விழுகிறது

கேடயத்தைத் தனியாகப் பெயிண்ட் செய்து கடைசியில் ஒட்டுவதுதான் பெரிய படைக்கு உகந்தது. பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளைக் கரைத்து ஒன்றாக்குகிறது. நடுவில் பெயிண்ட் இருந்தால் அதைத்தான் கரைக்கும். கையிலும் கேடயத்தின் உட்புறத்திலும் ஒட்டுமிடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். இன்னும் நல்லது, பிரைமர் அடிக்கும் முன்பே அந்த இடத்தில் சிறிது ப்ளூ டாக் அப்பிவைப்பது. சூப்பர் க்ளூ போட்டால் சுற்றிலும் வெள்ளைப் படலம் படியலாம். க்ளூவைக் குறைத்து, காற்றோட்டத்தில் காயவிட்டால் குறையும். படிந்துவிட்டால் க்ளாஸ் வார்னிஷ் தொட்டால் பெரும்பாலும் மறையும்.

டிரான்ஸ்ஃபர் (நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னப் படலம்) சுருங்குகிறது, வெள்ளி போல மினுங்குகிறது

முகப்பு முழுதும் கேடயம் என்பதால் படையின் மதிப்பு இங்கேதான் நிற்கிறது. நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

மினுங்கல் வருவது படலத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கிய காற்றால். மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட்டின் பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாக இருக்கும். காற்று அங்கேதான் ஒளிகிறது. முதலில் க்ளாஸ் வார்னிஷ் பூசிக் காயவிட்டு அதன்மேல் ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டி மினுங்குகிறதென்றால், மினுங்கும் இடத்தில் ஊசியால் சில குத்துக் குத்தி, டிரான்ஸ்ஃபர் மென்மையாக்கும் திரவத்தை (மைக்ரோ சால் போன்றது) விடுங்கள். படலம் முதலில் கன்னாபின்னாவென்று சுருங்கும். அப்போது தொட்டால் கிழியும். விட்டுவிடுங்கள், காயும்போது தானே படியும். ஒரு முறையில் தீராவிட்டால் இன்னொரு முறை.

சுருக்கம் வருவது கேடயத்தின் வடிவத்தால். அஸ்பிஸ் குழிந்த கிண்ணம், சுற்றிலும் தட்டையான விளிம்பு. தட்டையான வட்டப் படலம் கிண்ணத்தின் மேல் மடிப்பில்லாமல் படியவே முடியாது. ஒட்டும் முன்:

1. ஒரு கேடயத்தின் குமிழ்ப் பகுதியை மட்டும் அளந்து, விளிம்பைத் தவிர்த்து வெட்டுங்கள். விளிம்பை வெண்கலத்தில் கையால் பூசிக்கொள்ளலாம். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் கேடய அளவு அரை மி.மீ. மாறும், 24 கேடயத்துக்கும் வெட்டும் முன் ஒன்றில் வைத்துப் பாருங்கள்.
2. ஓரத்திலிருந்து உள்நோக்கி 2 மி.மீ. நீளத்தில் நான்கு கீறல்கள் போடுங்கள். சின்னத்தின் மேல் போகாமல், ஒரே நிறமான பகுதியில்.
3. இளஞ்சூடான நீரில் ஊறவையுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஈர பிரஷ்ஷால் நீரைத் தள்ளுங்கள்.
4. மென்மையாக்கும் திரவம், பிறகு ஓரிரவு ஓய்வு.
5. கீறல் திறந்து நின்றால் அதே நிறத்தை மெல்லியதாகத் தொடுங்கள்.

நன்றாக ஒட்டியபின் கேடயம் மட்டும் அச்சடித்த காகிதம் போலப் பளிச்சென்று தனித்து நிற்கும். வீரனுக்கு அடித்த அதே பழுப்பு வாஷை (பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த நிறம்) நீர்த்து அதன்மேல் ஒரு முறை இழுத்து, கீழ் ஓரத்தில் இரண்டு மூன்று கீறல் வரைந்தால் வேற்றுமை போய்விடும்.

சின்னம் அழகாக இருக்கிறது, காலம் பொருந்தவில்லை

பெயிண்ட்டில் பிழையே இல்லாமல் படை தவறாகத் தெரிவது இந்த இடத்தில். லாம்டா (Λ என்ற கிரேக்க எழுத்து) எழுதிய ஸ்பார்ட்டக் கேடயத்துக்கான சான்று கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பாரசீகரோடு நடந்த தெர்மோபைலே, பிளாட்டீயாப் போர்களின் (கி.மு. 480, 479) படைக்கு ஆளுக்கொரு சின்னம் பொருந்தும்: காளை, பாம்பு, கோர்கன் (பாம்புக் கூந்தல் அரக்கி) முகம், சேவல், முக்காலி. குவளை ஓவியங்களில் இவை ஏராளம். நகரச் சின்னம் பின்னால் வழக்கமானது. சிக்யோன்காரர்களின் கேடயத்தில் சிக்மா எழுத்து இருந்ததையும், கி.மு. 362இல் மாண்டினியாப் போருக்கு முன் ஆர்க்கேடியர்கள் தீப்ஸ்காரர்களைப் போலத் தங்கள் கேடயத்தில் கதாயுதம் வரைந்துகொண்டதையும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஸெனஃபோன் குறிக்கிறார். கதாயுதம் போட்ட கேடயம் பன்னிரண்டு மீந்துவிட்டதா? அந்த ஆர்க்கேடியர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

தலைக்கவசத்திலும் இதே கவனம் வேண்டும். முகம் மூடிய கொரிந்திய வகை பாரசீகப் போர்க் காலத்துக்கு. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலோப்பனீசியப் போரின் பிற்பகுதி ஸ்பார்ட்டருக்குக் கூம்பான பிலோஸ் தலைக்கவசம், மார்புக் கவசமில்லாத சிவப்பு உடை. இரண்டையும் ஒரே அணியில் பாதிக்குப் பாதி கலந்தால் எந்தக் காலத்துக்கும் சேராது.

வெண்கலம் சேறாகத் தெரிகிறது

வாஷ் அதிகம். பழைய வெண்கலம் என்றால் பழுப்பாகத்தான் இருக்கும் என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. அருங்காட்சியகத்துக் கவசம்தான் பச்சையும் பழுப்புமாக இருக்கும். போருக்குத் துலக்கிய வெண்கலம் பொன்னிறத்தில் மின்னியது. கரும்பழுப்பு அடிப்பூச்சு, மேலே பித்தளை நிறத்தில் மெல்லிய இரண்டு பூச்சு, பள்ளங்களில் மட்டும் செப்பியா வாஷ், பிறகு பித்தளையில் கொஞ்சம் வெள்ளி கலந்து புருவ மேடு, மூக்குத் தகடு, கால்கவசத்தின் முன்தண்டு, கேடய விளிம்பின் மேற்பாதி. சேறானவற்றுக்கு இந்தக் கடைசி அடி ஒன்றே போதும்.

துணியிலும் தோலிலும் உலோகத் துகள் மினுங்கினால் நீர்க் கிண்ணம்தான் காரணம். உலோகப் பெயிண்டுக்குத் தனிக் கிண்ணம், தனி பிரஷ். உலோக வேலையை முதலிலேயே முடித்துவிட்டால் சிந்தியதை மற்ற நிறங்கள் மூடிவிடும்.

வெள்ளைக் கவசம் சுண்ணாம்பு அடித்தது போல

லினோத்தோராக்ஸ் துணிக்கவசத்துக்கு வெள்ளையை நேராகக் கெட்டியாகப் பூசியிருப்பீர்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடியிருந்தால் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து துகளாக இறங்கியிருக்கும். விசிறியை நிறுத்துங்கள், அல்லது ஈரத் தட்டு வையுங்கள்: மூடியுள்ள டப்பா, நனைத்த டிஷ்யூ, மேலே பேக்கிங் தாள். எலும்பு நிறத்தில் தொடங்கி, தந்த நிறத்தில் இரண்டு மெல்லிய பூச்சு. தூய வெள்ளை தோள்பட்டை ஓரத்துக்கு மட்டும். அணியில் பெரும்பாலோர் வெளிர் உடை என்றால் பிரைமரையே எலும்பு நிறத்தில் அடித்துவிடுவது பாதி வேலையைக் குறைக்கும்.

வாஷ் காய்ந்ததும் காபிக் கறை வளையம்

தட்டையான இடத்தில் தேங்கிய வாஷ் ஓரத்திலிருந்து காய்கிறது. நிறமி அங்கே போய்ச் சேர்கிறது. தேங்கியதை உலர்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்ததைத் தொடாதீர்கள். மேலங்கியில் வளையம் விழுந்தால் அடிநிறத்தை மடிப்பு மேடுகளில் மீண்டும் பூசுங்கள். பின்வரிசையில் விழுந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் தொகுதி முதல் தொகுதியோடு ஒத்துப்போகவில்லை

கலவையைக் கண்ணளவில் கலந்ததால். ஸ்பார்ட்டச் சிவப்பை 20 மி.லி. சொட்டுக் குப்பியில் மொத்தமாகக் கலந்து, எத்தனை சொட்டுக்கு எத்தனை சொட்டு என்று குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள். பிரைமர் நிறம் மாறினாலும் மேல்நிறம் மாறும். இப்போதே வேறுபட்டுவிட்டதென்றால் திரும்பப் பூசாதீர்கள். இரு தொகுதிகளையும் கலந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டும் இருந்தால் அது இயல்பான வேறுபாடாகவே தெரியும். ஸ்பார்ட்டா அல்லாத நகரங்களில் பெரும்பாலும் ஹாப்லைட்டே தன் ஆயுதத்தை வாங்கியவன். அங்கே ஒரே சீருடைதான் தவறு. ஆறு ஆறு பேராக நான்கு நிற உடை கொடுத்துச் சீட்டுக் குலுக்குவது போலக் கலந்துவிடலாம்.

வார்னிஷ் அடித்ததும் வெள்ளை மூட்டம்

மழைக்கால ஸ்பிரே, அல்லது அடியில் படிந்த மேட் பொடியைக் குலுக்காமல் அடித்தது. பதறி இன்னொரு மேட் பூச்சு அடிக்காதீர்கள். முதலில் பிரஷ்ஷால் மெல்லிய க்ளாஸ் பூச்சு கொடுங்கள். மூட்டம் பெரும்பாலும் கரையும். அது முழுதும் காய்ந்தபின் குப்பியை நன்கு குலுக்கி மேட் பூச்சு, அதுவும் பிரஷ்ஷால். உலோகப் பகுதிகளை க்ளாஸிலேயே விட்டுவிட்டால் வெண்கலம் செத்துப்போகாது.

எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) பேஸ் வளைந்து ஓரம் தூக்குகிறது

ஃபெவிகாலும் மணலும் காயும்போது சுருங்கி மேற்பரப்பை இழுக்கின்றன, 2 மி.மீ. பலகை தாங்காது. வளைந்ததை அடிப்பக்கம் லேசாக நனைத்து, வீரர்கள் இல்லாவிட்டால் புத்தக அடுக்கின் கீழும், இருந்தால் மேசையோடு கிளிப் போட்டும் ஓரிரவு அழுத்துங்கள். இனி செய்பவற்றுக்கு முதலிலேயே இருபுறமும் வார்னிஷ் பூசுங்கள், நீர் கலக்காத ஃபெவிகால் போடுங்கள், 3 மி.மீ. பலகை வாங்குங்கள். அடியில் காந்தத் தாள் ஒட்டினால் விறைப்பும் கூடும்.

புல் நிறமும் பேஸின் கோளாறுதான். பச்சைப் பசேல் என்று தூவினால் படை இங்கிலாந்தில் நிற்கும். கி.மு. 431இல் ஸ்பார்ட்டர் அட்டிக்காவுக்குள் (ஏதென்ஸைச் சுற்றிய நிலப்பகுதி) நுழைந்தது தானியம் முற்றிய கோடையில். வெளிர் மணல் நிறம், சுண்ணாம்புக் கல் துண்டு, வைக்கோல் நிறப் புல். அங்கங்கே சாம்பல் பச்சையில் சிறு புதர்.

பெட்டியை மூடினால் ஈட்டி முனை இடிக்கிறது

காந்தத் தாள் ஒட்டிய பேஸுக்குத் தகரம் பதித்த பெட்டி வேண்டும். நிமிர்த்திய 45 மி.மீ. ஈட்டி வீரனின் தலைக்கு மேல் போகும். சரிஸ்ஸா என்றால் 100 மி.மீ.க்கு மேல். பெட்டி வாங்கும் முன் பேஸின் அடியிலிருந்து மிக உயரமான முனை வரை அளந்து, மேலே 10 மி.மீ. இடம் விடுங்கள். பெட்டி ஏற்கெனவே வாங்கியாயிற்று, அரை அங்குலம் போதவில்லை என்றால் ஈட்டிகளை வெட்டாதீர்கள். சற்றுச் சாய்த்து ஒட்டிய ஈட்டிகளைப் பின்வரிசைக்குக் கொடுங்கள், அல்லது பெட்டியை மாற்றுங்கள், பெட்டிதான் மலிவு.